மூடி என்ன நிறம்?

"நாடி பிடிக்கிறபோது, நோயாளியும் உன் நாடியைப் பிடித்துப் பார்த்துவிடுகிறான்..." இப்படித் தொடங்கும் ஒரு வாக்கு. இருபத்தாறு வருடத்துக்கு முன்னால், நர்சிங் கல்லூரியின் விளக்கேற்றும் விழாவில், ஓய்வு பெறப்போகிற மேட்ரன் அம்மா மேடையில் சொன்னது. அதன் பிற்பாதி இன்பராஜுக்கு ஞாபகம் இல்லை. முக்கியமான விஷயம் அந்தப் பாதியில்தான் இருந்திருக்க வேண்டும் என்று நம்பினார்.

அவர் அதே கல்லூரிக்கு ஆசிரியராகத் திரும்பி வந்து பதினோரு மாதம் ஆகிறது. இடையில் பதினெட்டு வருடம் ஒரு குளிர்நாட்டு மருத்துவமனையில் வேலை. வரும்போது ஒரு பெட்டி நிறையக் கேஸ்கள் கொண்டுவந்தார். ஒரு கேஸ் என்றால் ஒரு பக்கத்தில் ஒரு நோயாளியின் கதை. வயது, தொந்தரவு, காய்ச்சல் எவ்வளவு, ரத்த அழுத்தம் எவ்வளவு. அதைப் படித்துவிட்டு மாணவிகள் பேச வேண்டும். இவருக்கு என்ன ஆயிற்று, ஏன் ஆயிற்று, நாம் என்ன செய்ய வேண்டும். மனப்பாடத்தை ஒழித்து யோசிக்கக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல வழி இல்லை என்பது அவர் கட்சி. ஒவ்வொரு கேஸையும் ராத்தூக்கம் கெட்டுத் தமிழில் எழுதி வைத்தார்.

பதினோராம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், நாற்பது விடைத்தாள்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஆண்கள் பொது வார்டுக்கு வந்தார்.

அந்த வார்டின் இன்சார்ஜ் சிஸ்டர் மரகதவல்லி. கல்லூரியில் அவருக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவர். எங்கும் போகாமல் இங்கேயே இருந்துவிட்டவர். ஏதாவது விளங்காவிட்டால் இன்பராஜ் அவரிடம்தான் வருவார். சீனியரான தான் ஜூனியரிடம் கேட்க வருவதில் முதலில் இருந்த கூச்சம் இப்போது இல்லை. ஆனாலும் மரகதவல்லி அவரை அண்ணா என்று கூப்பிடும்போது லேசாக உறுத்தும்.

"என்ன அண்ணா, மூஞ்சி பேதிக்குக் குடிச்ச மாதிரி இருக்கு."

"மரகதம், ஒரே ஒரு கேள்வி. இந்தப் பிள்ளைகளுக்கு யோசிக்கச் சொல்லிக்கொடுக்க முடியுமா, முடியாதா?"

மரகதவல்லி மருந்துச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டே நாற்காலியைக் காட்டினார். இன்பராஜ் உட்காரவில்லை.

"கேஸைக் கையில குடுத்தா முதல்ல என்ன கேக்குறாங்க தெரியுமா? சார், எத்தனை பாயிண்ட் எழுதணும்."

"எத்தனைன்னு சொன்னீங்க?"

"நான் எங்கே சொன்னேன்." தாள்களை மறு அக்குளுக்கு மாற்றினார். "அஞ்சு."

மரகதவல்லி அடுத்த சீட்டை எடுத்து அடுக்கினார்.

"இந்த ரெண்டாவது கேஸைப் பாரு. வலியே இல்லாத நோயாளி. வலின்னு ஒரு வார்த்தை கேஸ்ல கிடையாது. முப்பத்தோரு பேர் முதல் பாயிண்ட் வலின்னு எழுதியிருக்காங்க. ஏம்மான்னா, சீனியர் அக்கா ரெக்கார்டு நோட்ல முதல் பாயிண்ட் எப்பவும் வலிதான் சார்ங்கறா ஒருத்தி. இன்னொருத்தி நோயாளி பெயரையே சீனியர் நோட்டில இருந்து எழுதி வச்சிருக்கா. என் கேஸ்ல இருக்கறது ஆம்பளை. அவ தாள்ல இருக்கறது கர்ப்பிணி."

"சுகப் பிரசவமா?"

"சிரிக்காதே."

"சிரிக்கல. யாருமே யோசிக்கலையா?"

"ஒருத்தி இருக்கா. ஜெஸ்லின். இருபதுக்குப் பத்தொன்பது. வகுப்புலயும் டக்குடக்குன்னு பிடிச்சிருவா. அவ ஒருத்திக்காகத்தான் நான் இன்னும் கத்திட்டிருக்கேன்." பிறகு அடியிலிருந்து ஒரு தாளை உருவினார். "யோசிக்கவே மாட்டேன்னு அடம்பிடிக்கறவ ஒருத்தி. இசக்கியம்மாள். நாலு மார்க்."

"நாலா?"

"பத்து வாங்கலைன்னா பல்கலைக்கழகப் பரீட்சை எழுத முடியாது. ஒரு வருஷம் போச்சு. வெள்ளிக்கிழமை பட்டியல் ஆபீசுக்குப் போகணும். கூப்பிட்டுப் பேசியும் பாத்துட்டேன்."

பேசியது இப்படி நடந்தது. ஆசிரியர் அறையில் இசக்கியம்மாள் பையைக் கழற்றாமலே நின்றாள். தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவள். வகுப்புக்கு எப்போதும் கடைசி ஆள்.

"ஏம்மா, பதில் எழுதச் சொன்னா கேள்வியா எழுதி வச்சிருக்கே?"

"கேட்டாத்தான சார் தெரியும்."

"யார்கிட்ட கேப்பே? பேப்பர்கிட்டயா?"

"அதான் சார். பேப்பர் பதில் சொல்ல மாட்டேங்கு."

"கேஸ்ல என்ன இருக்கோ அதை வச்சு யோசி. இல்லாததைக் கேக்காதே. விளங்குதா?"

"சரி சார்."

"என்ன சரி?"

"கேக்கல சார்."

இதை ஒப்பித்துவிட்டு இன்பராஜ் இப்போதுதான் உட்கார்ந்தார். "ஒரு வருஷம் அந்தப் பிள்ளைக்குப் போகப்போகுது. எனக்கு அதுல சந்தோஷமா? ஆனா என்ன செய்ய? இரக்கப்பட்டு மார்க் போட்டு அனுப்பினா நாளைக்கு ஒரு உயிர் போகும்."

மரகதவல்லி அவர் நீட்டிய தாளை வாங்கவில்லை. "நாளைக்கு உங்க வகுப்புக்கு வாரேன்," என்றார்.

புதன்கிழமை பத்து மணிக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வகுப்பறைக்குக் கண்ணாடிக் கதவு. வராந்தாவை ஒட்டி ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பழைய எக்ஸ்ரே உறை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டார். இன்பராஜ் உள்ளே வரும்படி கையைக் காட்டினார். மரகதவல்லி மாட்டேன் என்று தலையை ஆட்டினார். அந்த ஜெனரேட்டர் சத்தத்தில் அவருக்கு ஒரு வார்த்தையும் கேட்டிருக்காது. இன்பராஜுக்குக் கோபம் வந்தது. பாடம் எடுப்பதைப் பார்க்க வந்தவர் பாடத்தைக் கேட்க வேண்டாமா?

அன்று மூன்று புதிய கேஸ்கள் நடத்தினார். வகுப்பு முடிந்ததும் மரகதவல்லி எக்ஸ்ரே உறையில் குறித்து வைத்திருந்ததை வாசித்தார்.

"முதல் கேஸ்ல நாலாவதா எழுந்த பிள்ளை சரியாச் சொல்லிட்டு."

"ஆமா."

"ரெண்டாவது கேஸ் யாருக்கும் தெரியல. நீங்களே சொல்லிட்டீங்க. சொல்லும்போது உங்களுக்கு வெறுத்துப்போச்சு."

"ஆமா. உனக்குக் கேட்டுதா?"

"மூணாவதுல ரெண்டாம் வரிசை, ரெட்டைச் சடை. முதல்ல ரெண்டு தப்பாச் சொன்னா. மூணாவது சரி. அதுதான் ஜெஸ்லினா?"

இன்பராஜ் அவரையும் உறையையும் மாறி மாறிப் பார்த்தார். "கேஸை முன்னாடியே படிச்சிட்டியா?"

"எந்தக் கேஸு? எனக்கு ஒண்ணும் கேக்கல அண்ணா. நோயாளி ஆம்பளையா பொம்பளையான்னே தெரியாது."

"அப்ப எப்படி?"

மரகதவல்லி அவர் சட்டைப் பையிலிருந்து போர்டு மார்க்கரை எடுத்தார். மூடியைக் கழற்றினார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"பிள்ளைங்க தப்பாச் சொன்னா இது மூடியே இருக்கு. சரியான பதில் பக்கத்துல வந்ததும் உங்க பெருவிரல் மூடியைக் கழட்டிருது. போர்டுல எழுதணும்லா."

இன்பராஜ் மார்க்கரைத் திரும்ப வாங்கிப் பையில் வைத்தார்.

வியாழக்கிழமை காலை மார்க்கரை ஆசிரியர் அறையிலேயே வைத்துவிட்டு வகுப்புக்குப் போனார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மாணவிகளுக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. ஒருத்தி, "சாருக்கு முதுகுவலி போல," என்று கிசுகிசுத்தது அவர் காதில் விழுந்தது. கேஸை வாசித்தார். எழுந்தவர்கள் எல்லாரும் உளறினார்கள். ஜெஸ்லின் எழுந்தாள். ஒன்று சொன்னாள், தப்பு. இன்னொன்று சொன்னாள், தப்பு. மூன்றாவது சரி.

வகுப்பு முடிந்ததும் ஜெஸ்லினை நிறுத்தினார்.

"பயப்படாதே. உண்மையைச் சொல்லு. மூணாவது பதில்தான் சரின்னு எப்படித் தெரிஞ்சுது?"

ஜெஸ்லின் மறைக்க நினைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயமாகவே அவளுக்குத் தோன்றவில்லை. "தப்பாச் சொன்னா நீங்க 'வேற யாராவது'ன்னு கேப்பீங்க சார். கேக்கதுக்கு முன்னால ஒரு மூச்சு விடுவீங்க. மூச்சு வரலைன்னா அந்தப் பதிலை அப்படியே பிடிச்சு இழுத்துட்டுப் போவேன் சார்."

"என்ன மூச்சு?"

ஜெஸ்லின் தயங்கினாள். பிறகு விட்டுக் காட்டினாள். மூக்கால் இழுத்து வாயால் விடுகிற நீண்ட மூச்சு. இவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்கிற மூச்சு. அச்சு அசல்.

இன்பராஜ் நேராக வார்டுக்குப் போனார்.

"மரகதம், கையைக் கட்டினேன். மூச்சைப் பாக்கறா. மூச்சையும் கட்டச் சொல்றியா?"

"நிமிஷத்துக்கு எத்தனைன்னு எண்ணினாளாமா?"

"விளையாடாதே. எனக்கு வயிறு எரியுது. அஞ்சு மாசமா இந்தப் பிள்ளை யோசிக்கறான்னு நம்பிட்டு இருந்தேன்."

"யோசிக்கத்தானே செய்யுதா."

"எதை?"

"முன்னால இருக்கிற நோயாளியை. அந்தப் பிள்ளையை அடுத்த மாசம் என் வார்டுக்குப் போடுங்க. ஒரு ஆள் மூச்சு விடுறதை இவ்வளவு கவனிக்கிறவ எனக்கு வேணும்."

இன்பராஜுக்குச் சட்டென்று அந்தப் பழைய வாக்கு நினைவுக்கு வந்தது. "மேட்ரன் அம்மா ஒண்ணு சொன்னாங்களே, நாடி பிடிக்கிறபோதுன்னு. அதுக்கு மீதி என்ன?"

"மீதி கிடையாது. அதோட கரண்டு போயிட்டு. மைக் நின்னுட்டு. அம்மா விளக்கோட கீழ இறங்கிட்டாங்க. எங்க வகுப்பு விழாதான அது, நான் முன் வரிசையிலதான இருந்தேன்."

மரகதவல்லி ஒரு நோயாளிக்குச் சலைன் மாற்றிவிட்டு வந்தார்.

"உங்க வகுப்புல பின்னால ஒரு தூண் இருக்கு. அதுக்குப் பின்னால யாரு உட்காருதா? நேத்து எனக்கு அவ முழங்கை மட்டும்தான் தெரிஞ்சுது."

"இசக்கியம்மாள். கடைசியா வருவா. அந்த இடம்தான் மிச்சம் இருக்கும்."

"அங்க இருந்து பாத்தா நீங்க தெரிவீங்களா?"

இன்பராஜ் தெரியாது என்று தலையை ஆட்டினார்.

"அவ தாளைக் கொண்டாங்க."

இன்பராஜ் போய் எடுத்துவந்தார். இந்த முறை மரகதவல்லி அதை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். முதல் கேஸ் ராமையா, வகுப்பில் ஏற்கனவே நடத்தியது. ஐம்பத்திரண்டு வயது, சர்க்கரை நோய். வேளைக்கு இருபது யூனிட் இன்சுலின் என்று எழுதிக்கொடுத்து நேற்றுத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்று வியர்வை, கைநடுக்கம், பேச்சுக் குழறலோடு திரும்ப வந்திருக்கிறார். காலையில் இரண்டு இட்லிதான் சாப்பிட்டார். ஏன் இப்படி ஆயிற்று?

முப்பத்தொன்பது பேர் எழுதிய பதில் ஒன்றே. குறைவாகச் சாப்பிட்டதால் சர்க்கரை இறங்கிவிட்டது. இன்பராஜின் விடைக்குறிப்பிலும் அதுதான்.

இசக்கியம்மாள் எழுதியிருந்தாள்: 'சர்க்கரை இறங்கியிருக்கிறது. வகுப்பில் சாப்பாடு என்று சொன்னார்கள். ஆஸ்பத்திரியிலும் அவர் அவ்வளவுதானே சாப்பிட்டிருப்பார். வீட்டில் ஊசி எடுத்தது யார்? மருந்துக் குப்பி நாற்பதா, நூறா? சிரிஞ்ச் மூடி என்ன நிறம்?'

கீழே இன்பராஜின் கையெழுத்தில், சிவப்பு மையில்: 'கேஸில் இல்லாததை எழுதாதே.'

மரகதவல்லி தாளை மடித்து வைத்தார். அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்துவந்து மேசையில் வைத்தார். பயிற்சிக்காக வைத்திருக்கும் காலாவதியான இன்சுலின் குப்பி ஒன்று. உறை பிரிக்காத சிரிஞ்ச் ஒன்று.

"ராமையாவுக்கு இருபது யூனிட் எடுங்க அண்ணா."

"எதுக்கு?"

"எடுங்களேன்."

இன்பராஜ் உறையைப் பிரித்தார். பெருவிரலால் மூடியைத் தட்டிக் கழற்றினார். அது தட்டில் விழுந்து உருண்டது. குப்பியைத் தலைகீழாகப் பிடித்து, காற்றுக் குமிழி இல்லாமல், இருபது என்ற கோடு வரை இழுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இருபத்தாறு வருடத்தில் பல்லாயிரம் தடவை செய்த வேலை. கை ஆடவில்லை.

"எத்தனை எடுத்தீங்க?"

"இருபது."

"மூடி என்ன நிறம்?"

இன்பராஜ் தட்டைப் பார்த்தார். சிவப்பு.

குப்பியைத் திருப்பிப் பார்த்தார். அதில் நூறு என்று இருந்தது.

சிவப்பு மூடி சிரிஞ்ச் நாற்பது குப்பிக்கு, அதாவது ஒரு மில்லியில் நாற்பது யூனிட் உள்ள மருந்துக்கு, உரியது. ஆரஞ்சு மூடி நூறு குப்பிக்கு. குப்பியும் சிரிஞ்சும் மாறினால் கோடு ஒன்றாகவே இருக்கும், உள்ளே போகும் மருந்துதான் வேறு. இதெல்லாம் ஒரு காலத்தில் அவருக்கும் தெரியும். அவர் இருந்த நாட்டில் ஒரே வகைக் குப்பி, ஒரே நிற மூடி. பதினெட்டு வருடத்தில் மூடியைப் பார்க்கவே தேவை வரவில்லை.

உதடு அசையக் கணக்குப் போட்டார். இருபது என்று நினைத்து அவர் எடுத்தது ஐம்பது.

சிரிஞ்சை மெல்லத் தட்டில் வைத்தார்.

வார்டில் யாரோ இருமினார்கள். ஊசி நேரம். தள்ளுவண்டி ஆறாம் கட்டில் பக்கம் நின்றது. வாரப் பணிக்கு வந்திருந்த மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி, "குப்பி நாற்பது, மூடி சிவப்பு, பத்து யூனிட்," என்று வாய்விட்டுச் சொன்னாள். பக்கத்தில் நின்ற ஸ்டாஃப் நர்ஸ் "சரி," என்றார். அடுத்த கட்டிலில் மறுபடி அதே குரல்.

"இங்க எல்லாரும் இப்படிச் சொல்றாங்களா?" என்று கேட்டார் இன்பராஜ்.

"உங்க வகுப்புப் பிள்ளைங்க நாற்பது பேரும் சொல்லுவாங்க. சொல்லாட்டி நான் ஊசியைப் பிடுங்கிருவேன்."

"முப்பத்தொன்பது பேர் என் வகுப்புல சொல்லலையே."

"அங்க ராமையாவுக்கு யாரும் ஊசி போடலையே அண்ணா. பதில்தான சொன்னாங்க."

இன்பராஜுக்கு அந்த மூச்சு வந்தது. பாதியில் தெரிந்துகொண்டு அதை அடக்கினார்.

"அப்போ ராமையாவுக்கு ஊசிதான் மாறியிருக்கா? இசக்கி எழுதினதுதான் சரியா?"

"அவ ஒண்ணும் எழுதலையே. கேட்டிருக்கா."

"நான் என்ன பதில் சொல்ல?"

"உங்களுக்கு என்ன தெரியும்?"

"எனக்கு..." இன்பராஜ் கண்ணாடியைக் கழற்றினார். "அங்கே பயிற்சி வகுப்புல குடுத்த கேஸ் அது. அதுல வேற ஏதோ பெயர். ராமையான்னு நான்தான் வச்சேன். ரெண்டு துண்டு ரொட்டியை நான்தான் இட்லி ஆக்கினேன். சாப்பாடு குறைவுன்னு விடைக்குறிப்புல போட்டிருந்தது. நம்ம ஊர் ராமையாவுக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது, மரகதம்."

மரகதவல்லி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அதை ஒரு தடவை வகுப்புல சொல்லிப் பாருங்க அண்ணா."

வெள்ளிக்கிழமை பட்டியல் போகும் முன் இன்பராஜ் இசக்கியம்மாள் பெயருக்கு நேரே இருந்த நாலை அடித்துப் பதினாறு என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். ஜெஸ்லினின் பத்தொன்பதைத் தொடவில்லை. திங்கட்கிழமை ராமையாவின் கேஸையே மறுபடி எடுத்தார். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்த் தூணுக்குப் பின்னால் போட்டுக்கொண்டார்.